பதினோராவது ஆள்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஸ்ப்ரெட்டும் பிஸ்டலும்

காலின் கேப்பர்னிக் என்ற பெயரை நம் பல்கலைக்கழக வளாகங்களில் அறிந்தோர் பெரும்பாலும் 2016ஆம் ஆண்டின் ஒரு படத்தின் வழியாகவே அறிந்திருக்கிறார்கள். நாட்டுப்பண் ஒலிக்கையில், கறுப்பின மக்கள் மீதான காவல்துறை வன்முறையை எதிர்த்து ஒற்றைக்கால் மண்டியிட்டு அமர்ந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் அவர். அந்தப் பருவத்திற்குப் பிறகு எந்த அணியும் அவரை ஒப்பந்தம் செய்யவில்லை என்பதும் பலருக்குத் தெரியும். இனவரைவியல், ஊடகவியல் வகுப்புகளில் அந்தப் படம் பாடமாகவே நடத்தப்படுகிறது. ஆனால் அவர் எவ்வகை ஆட்டக்காரர், எந்த ஆட்டமுறை அவரை உருவாக்கியது, அம்முறை எங்கிருந்து வந்தது என்ற கேள்விகள் அவ்வகுப்புகளில் எழுவதில்லை. அவற்றுக்கு விடை தேடப் போனால் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகருக்கும், அதற்கு முன் மேற்கு வர்ஜீனியாவின் ஒரு மலைக் கிராமத்துக் கல்லூரிக்கும், அதற்கும் முன் ஒஹையோவின் உருக்காலை ஊர் ஒன்றுக்கும் போக வேண்டியிருக்கிறது. பதிவு நீளும், பொறுத்தருள்க.

அமெரிக்கக் கால்பந்து அறியாதவர்க்காகச் சில சொற்கள். பக்கத்துக்குப் பதினொருவர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அவற்றுக்குள் 10 கஜம் முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும், இல்லையேல் பந்து கைமாறும். ஒவ்வொரு முயற்சியும் நடுவில் நிற்கும் சென்டர் பந்தைத் தன் கால்களின் இடையே பின்னோக்கிக் கொடுப்பதில் தொடங்குகிறது. அதைப் பெறுபவர் குவார்ட்டர்பேக். அவர் பந்தை எறியலாம், அருகில் நிற்கும் ரன்னிங் பேக்கிடம் கொடுத்து ஓடவிடலாம், தாமே ஓடலாம். சென்டரையும் அவருக்கு இருபுறமும் இவ்விருவராக நிற்பவர்களையும் சேர்த்து ஐந்து லைன்மேன்கள். இவர்கள் பந்தைத் தொடும் உரிமை ஏறக்குறைய இல்லாதவர்கள். எதிரியை மறிப்பதே தொழில். இவ்வளவு போதும்.

இனி ஒரு எளிய கணக்கு. ஓட்டத் தாக்குதலில் ஒருவர் பந்தைச் சுமக்கிறார். குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார். எஞ்சுவோர் ஒன்பது பேர். எதிரே தடுப்பவர்களோ பதினொருவர். ஒருவருக்கு ஒருவராக மறித்தாலும் இரண்டு தடுப்பாளர்கள் எப்போதும் மிச்சம். இந்த இரண்டு பேரை என்ன செய்வது என்பதுதான் நூறாண்டுக் கால ஓட்டத் தாக்குதல் வரலாற்றின் மையச் சிக்கல் என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

இந்தச் சிக்கல் தொடக்கத்திலேயே இருந்ததல்ல என்பது கவனத்திற்குரியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கிளென் 'பாப்' வார்னர் வளர்த்தெடுத்த சிங்கிள் விங் அமைப்பில், சென்டர் பந்தைச் சில கஜம் பின்னால் நிற்பவருக்கு நேராகவே எறிவார்; அதைப் பெற்றவரே ஓடலாம், எறியலாம், உதைக்கலாம். அப்பொறுப்பில் இருந்தவர் ஒருபோதும் வேடிக்கை பார்ப்பவராக இருந்ததில்லை. வார்னர் பயிற்றுவித்த கார்லைல் பள்ளி, அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளை அவர்தம் மொழியிலிருந்தும் பண்பாட்டிலிருந்தும் பிரித்து 'நாகரிகப்படுத்த' நடத்தப்பட்ட அரசு உறைவிடப் பள்ளி என்பதை இங்கே ஒரு வரியில் கடந்துபோவது எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. அது தனிக் கட்டுரைக்குரியது.

மாற்றம் 1940இல் வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிளார்க் ஷானஸி புதுப்பித்த டி அமைப்பில் குவார்ட்டர்பேக் சென்டரின் முதுகோடு ஒட்டி நின்றார். பந்தைக் கையிலிருந்து கைக்கு வாங்கினார், திரும்பினார், கொடுத்தார் அல்லது கொடுப்பதுபோல் நடித்துவிட்டு எறிந்தார். அவ்வாண்டு ஸ்டான்ஃபோர்டு தோல்வியே காணவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று, அவர் ஆலோசனை வழங்கிய சிகாகோ பேர்ஸ் அணி தொழில்முறைக் கோப்பையின் இறுதியாட்டத்தில் வாஷிங்டனை 73–0 என்று நசுக்கியது. நாடு முழுவதும் டி அமைப்பு பரவியது. குவார்ட்டர்பேக் ஒரு மேலாளராக, சிந்திப்பவராக, உடலைக் காத்துக்கொள்ள வேண்டியவராக ஆனார். ஓடும் உழைப்பு மற்றவர்களுடையதாயிற்று. இந்தப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதன் மேல் வேறொரு பிரிவினை வந்து படியும்.

ஸ்ப்ரெட் என்றால் விரிப்பு. களத்தின் அகலம் ஏறத்தாழ 53 கஜம். ரிசீவர்களை விளிம்புவரை தள்ளி நிறுத்தினால் அவர்களைக் கண்காணிக்கத் தடுப்பாளர்களும் விளிம்புக்குப் போயாக வேண்டும். நடுவில் நெரிசல் குறையும். எண்ணம் பழையது. டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் 1934 முதல் 1952 வரை பயிற்றுநராக இருந்த டச்சு மேயர் இதைப் பெயர் சொல்லியே கையாண்டார். 1952இல் இவ்வமைப்பைப் பற்றி நூலும் எழுதினார். ஒஹையோவின் மிடில்டவுன், உருக்காலையை நம்பி வாழ்ந்த ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளிப் பயிற்றுநராக இருந்த 'டைகர்' எலிசன், 1958 பருவம் தோல்விகளோடு தொடங்கியபோது, தெருப்பிள்ளைகள் விதியின்றி விளையாடும் பாங்கைக் கண்டு தம் ஆட்டக்காரர்களைக் களமெங்கும் சிதறி நிற்கவைத்தார். இதிலிருந்தே 'ரன் அண்ட் ஷூட்' என்ற முறை பிறந்தது. ஆனால் இந்த மரபு பெரிதும் எறிதலின் மரபு. பின்னாளில் ஹால் மம்மியும் மைக் லீச்சும் வளர்த்த 'ஏர் ரெய்டு' அதன் தொடர்ச்சி. நாளிதழ்கள் இரண்டையும் 'ஸ்ப்ரெட்' என்ற ஒரே சொல்லால் குறித்துவந்ததால் இன்றும் குழப்பம் நீடிக்கிறது. ஒரே சொல், இரண்டு குடும்பங்கள். நான் பேசுவது ஓடுவதற்காக விரிக்கும் குடும்பத்தைப் பற்றி.

ஓட்டத்துக்குத் தேவைப்பட்ட மற்றொரு கூறு வேறொரு மரபிலிருந்து வந்தது. 1960களின் நடுப்பகுதியில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் பில் யோமன் 'வியர்' என்ற முறையை வகுத்தார். மறிக்க ஆளில்லையா, மறிக்காதே என்பதுதான் அதன் சாரம். ஒரு தடுப்பாளரை வேண்டுமென்றே தொடாமல் விட்டுவிட வேண்டும். அவர் என்ன செய்கிறார் என்று குவார்ட்டர்பேக் பார்க்க வேண்டும். அவர் ரன்னிங் பேக்கின் மேல் பாய்ந்தால் பந்தைத் தாமே வைத்துக்கொள்ள வேண்டும்; தம்மை நோக்கி வந்தால் கொடுத்துவிட வேண்டும். சதுரங்கத்தில் ஒரே காயால் இரண்டு காய்களைத் தாக்கும் நிலை போன்றது இது: எதைக் காத்தாலும் மற்றது போகும். மறிக்கப்படாத அந்த ஆள், தன் முடிவாலேயே தன்னை மறித்துக்கொள்கிறார். கணக்கில் மிச்சமிருந்த இருவரில் ஒருவர் இப்படி நீங்கினார். குவார்ட்டர்பேக்கை யாரேனும் ஒருவர் கவனித்தே ஆக வேண்டும் என்பதால் மற்றவரும் நீங்கினார். 1968இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் எமரி பெல்லர்ட் இதே எண்ணத்தை 'விஷ்போன்' என்ற அமைப்பில் பொருத்தினார். முதல் இரண்டு ஆட்டங்களில் ஒரு சமன், ஒரு தோல்வி. பின்பு தொடர்ந்து 30 வெற்றிகள்.

ஆனால் விஷ்போன் நெருக்கமான அமைப்பு. ஓடுபவர்கள் மூவரும் குவார்ட்டர்பேக்கின் பின்னால் குவிந்து நிற்பார்கள். எறிதல் அரிதாகவே நிகழும். பின்தங்கிவிட்டால் மீள்வது கடினம். விரிப்பவர்கள் ஓடவில்லை, ஓடுபவர்கள் விரிக்கவில்லை. இரண்டும் கூடுவதற்கு மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்தக் கூடல் நிகழ்ந்த இடம் கிளென்வில் ஸ்டேட் கல்லூரி. மேற்கு வர்ஜீனியாவின் மலைகளுக்கிடையே மிகச் சிறிய ஊர். 1990இல் அங்கே தலைமைப் பயிற்றுநராக வந்த ரிச் ரோட்ரிகஸுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. பெரிய உடல்வாகுடைய லைன்மேன்கள் அத்தகைய கல்லூரிகளுக்கு வருவதில்லை. எனவே ரிசீவர்களை விரித்தும், குவார்ட்டர்பேக்கை ஐந்து கஜம் பின்னால் ஷாட்கன் நிலையில் நிறுத்தியும் அவர் எறிந்து ஆடினார். எஞ்சிய கதை பலமுறை சொல்லப்பட்டது. ஒரு பயிற்சியில் ரன்னிங் பேக்கிடம் பந்து சரியாகப் போய்ச் சேரவில்லை. பந்தோடு நின்றுவிட்ட குவார்ட்டர்பேக் ஜெட் டிரெனிங், மறிக்கப்படாத ஓரத் தடுப்பாளர் ரன்னிங் பேக்கைத் துரத்தி உள்ளே பாய்வதைக் கண்டு, அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தின் வழியே வெளியே ஓடினார். ஏன் அப்படிச் செய்தாய் என்று பயிற்றுநர் கேட்டார். தடுப்பாளர் உள்ளே போனார், அதனால் நான் வெளியே போனேன் என்பது விடை. கண்டிக்கப்பட வேண்டிய பிழை ஆட்டமுறையாயிற்று. 'ஸோன் ரீட்' என்று பின்னர் பெயர் பெற்றது இதுவே.

தோற்றக் கதைகளிடத்தில் வரலாற்று மாணவருக்கு இருக்க வேண்டிய ஐயம் இங்கேயும் வேண்டும். ஆப்பிள் விழுந்த கதை போல இதுவும் வசதியாகவே அமைந்திருக்கிறது. மறிக்காமல் விட்டுப் பார்க்கும் உத்தி யோமனிடம் இருந்தது. பந்தை நேராகப் பெற்று ஓடும் நிலை வார்னரிடம் இருந்தது. விரிப்பு மேயரிடம் இருந்தது. லைன்மேன்கள் அனைவரும் ஒரே திசையில் நகர்ந்து, குறிப்பிட்ட ஆளையன்றிக் குறிப்பிட்ட பகுதியை மறிக்கும் 'ஸோன்' முறை அதற்குள் எங்கும் புழக்கத்தில் இருந்தது. ரோட்ரிகஸ் புதிதாக ஒரு உறுப்பையும் உண்டாக்கவில்லை. நான்கு உறுப்புகளையும் ஒரே உடலில் பொருத்தினார். மொழியியலில் இலக்கணமயமாதலைப் படித்தவர்களுக்கு இது பழகிய காட்சி: ஏற்கெனவே இருக்கும் சொற்கள் புதிய இடத்தில் சேரும்போது புதிய இலக்கணம் பிறக்கிறது. யார் 'கண்டுபிடித்தார்' என்ற கேள்வியைவிட, எங்கே பொருத்த வேண்டிய நெருக்கடி இருந்தது என்ற கேள்வி எனக்குப் பயனுள்ளதாகப் படுகிறது. அந்த நெருக்கடி பணமும் பெயரும் உடற்பலமும் உள்ள பல்கலைக்கழகங்களில் இருந்ததில்லை. எதிராளியை நேராக மோதி வீழ்த்த இயலாதவர்களிடமே இருந்தது.

செயற்பாட்டைச் சற்று நின்று பார்ப்போம். நான்கு ரிசீவர்கள் விளிம்புகளில் விரிந்து நிற்கிறார்கள். நடுவில் ஐந்து லைன்மேன்கள், குவார்ட்டர்பேக், அவருக்கு இடப்புறத்தில் ரன்னிங் பேக். தடுப்பணியில் நால்வர் ரிசீவர்களோடும் ஒருவர் ஆழத்தில் காவலாகவும் போய்விட்டால், நடுவில் எஞ்சுவோர் ஆறு பேர். இந்த நடுப்பகுதியைப் பயிற்றுநர்கள் 'பெட்டி' என்பார்கள். பெட்டியில் ஆறு பேர், மறிப்போர் ஐவர். பந்து பின்னால் வந்ததும் ரன்னிங் பேக் குவார்ட்டர்பேக்கின் முன்னால் குறுக்கே வலப்புறம் ஓடுகிறார். லைன்மேன்கள் வலப்புறம் நகர்ந்து ஐவரை மறிக்கிறார்கள். ஆறாமவர் இடக்கோடியில் நிற்கும் ஓரத் தடுப்பாளர், அவரைத் தொடுவதில்லை. குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றருகே நீட்டியபடி, கண்களை அந்த ஓரத் தடுப்பாளர் மேல் வைத்திருக்கிறார். அவர் துரத்தினால் பந்தை இழுத்துக்கொண்டு இடப்புறம் ஓட்டம். நின்றால் பந்து ரன்னிங் பேக்குக்கு. ஐவருக்கு ஐவர். எதிரணி ஏழாவது ஆளைப் பெட்டிக்குள் கொண்டுவந்தால், ரிசீவர் நால்வர்க்கு எதிரே ஆழத்தில் துணையற்ற நால்வரே மிஞ்சுவர், அப்போது எறியலாம். ஆக, எண்ணிக்கை எங்கே தமக்குச் சாதகமோ அங்கே பந்து போகிறது. முழு முறையும் இந்த எண்ணலின் மேல்தான் நிற்கிறது.

இந்த அறிவு பரவிய விதம் ஆய்வுக்கு உகந்தது. அச்சில் வந்தது குறைவு. காணொளி நாடாக்கள், கோடைக்காலப் பயிற்றுநர் சந்திப்புகள், கரும்பலகைகள், நேர்ப்பேச்சு இவற்றின் வழியாகவே அது பயணித்தது. வாய்மொழி மரபு என்றே கூறலாம். ரோட்ரிகஸ் டுலேனுக்குப் போனார். அவர் தாக்குதலைப் பொறுப்பேற்று நடத்திய 1998 பருவத்தில் டுலேன் தோல்வியே காணவில்லை. அடுத்து கிளெம்சன். முந்தைய பருவத்தில் எட்டு ஆட்டங்களில் தோற்றிருந்த நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பயிற்றுநர்கள் அவரிடமிருந்து இம்முறையைக் கற்றுத் திரும்பினார்கள். கல்விச் சிறப்புக்குப் பெயர் பெற்று, கால்பந்தில் எளிதாக எடைபோடப்படும் பல்கலைக்கழகம் அது. 2000 நவம்பர் 4 அன்று அவ்வணி மிச்சிகன் பல்கலைக்கழகத்தை 54–51 என்று வென்றது. அன்று தொலைக்காட்சியில் பார்த்த பயிற்றுநர்கள் பலர் தம் பாடத்திட்டத்தை மாற்றினார்கள் என்று கூறப்படுவதுண்டு. அதன்பின் அர்பன் மேயர் பௌலிங் கிரீனிலும் யூட்டாவிலும் இதை வளர்த்து, ஃபுளோரிடாவில் 2006, 2008 ஆகிய இரண்டு தேசியப் பட்டங்களை வென்றார். ஒரேகானில் சிப் கெல்லி இதனோடு ஆட்டத்தின் வேகத்தையும் கூட்டினார். வெற்றிப் பட்டியல் நீளமானது. அதை விரித்துரைக்க எனக்கு ஆர்வமில்லை.

தோல்வி ஒன்றைச் சொல்ல வேண்டும். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பேட் வைட் என்ற குவார்ட்டர்பேக்கோடு உச்சத்தைத் தொட்ட ரோட்ரிகஸ், 2008இல் மிச்சிகனுக்குப் போனார். 54–51 என்று தம் முறையிடமே தோற்ற அதே மிச்சிகன். எறிவதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்டக்காரர்களோடு முதல் பருவத்தில் 3 வெற்றி, 9 தோல்வி. 2010இல் டெனார்ட் ராபின்சன் குவார்ட்டர்பேக்காக நின்று 1,702 கஜம் ஓடி அப்போதைய சாதனை படைத்தார். ஆனாலும் தடுப்பாட்டம் பலவீனமாகவே இருந்தது. அப்பருவம் முடிந்ததும் ரோட்ரிகஸ் நீக்கப்பட்டார். விளிம்பில் பிறந்த முறை மையத்துக்குப் போகும்போது மையத்தின் பொறுமையின்மையையும் சேர்த்தே எதிர்கொள்கிறது.

இனி பிஸ்டல். ஷாட்கன் நிலையில் ஒரு குறை இருந்தது. ரன்னிங் பேக் குவார்ட்டர்பேக்கின் பக்கத்தில் நிற்கிறார். இடப்புறம் நின்றால் பெரும்பாலும் வலப்புறம் ஓடுவார். அவர் நிற்கும் இடமே பாதிச் செய்தியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மேலும் அவர் குறுக்காக நகர்ந்து பந்தைப் பெறுவதால், முன்னோக்கிப் பாயும் வேகம் குறைகிறது. நெவாடா பல்கலைக்கழகத்தில் கிறிஸ் ஆல்ட் பழைய பள்ளியைச் சேர்ந்தவர். 1976இலேயே அங்கே தலைமைப் பயிற்றுநரானவர். நேராக இடித்துச் செல்லும் ஓட்டத்தை நேசித்தவர். 2004இல் மூன்றாம் முறையாக அப்பொறுப்புக்குத் திரும்பியபோது, ஷாட்கனின் பார்வை நலனையும் பழைய ஓட்டத்தின் வேகத்தையும் ஒருங்கே வேண்டினார். 2005இல் அவர் செய்தது மிக எளிய மாற்றம். குவார்ட்டர்பேக்கை நான்கு கஜம் பின்னால் நிறுத்தினார்; ரன்னிங் பேக்கைப் பக்கத்தில் அல்ல, அவருக்கு நேர் பின்னே மூன்று கஜத்தில் நிறுத்தினார். ஷாட்கன் நீண்ட துப்பாக்கியென்றால் இது குட்டையானது, ஆகவே பிஸ்டல்.

இதனால் விளைந்தவை பல. ரன்னிங் பேக் நடுக்கோட்டில் நிற்பதால் இடம், வலம் என்ற குறிப்பு அழிந்தது. அவர் ஏழு கஜத்திலிருந்து ஓடத் தொடங்குவதால் கோட்டை அடையும்போது முழுவேகம் பெற்றிருக்கிறார். குவார்ட்டர்பேக்கின் உடலே அவரைத் தடுப்பாளர்களின் பார்வையிலிருந்து மறைப்பதால், எதிரே நிற்கும் லைன்பேக்கர்களுக்கு அவரது முதல் அடி ஒரு கணம் தாமதமாகவே தெரிகிறது. குவார்ட்டர்பேக்கின் முகமோ களத்தை நோக்கியே இருக்கிறது. குறிக்கத்தக்கது: ஆல்ட் இதை முதலில் குவார்ட்டர்பேக் ஓடுவதற்காக அமைக்கவில்லை. மறிக்காமல் விட்டுப் பார்க்கும் உத்தி பின்னரே இதனோடு சேர்ந்தது. பிஸ்டல் என்பது நிற்கும் முறை. ரீட் என்பது முடிவெடுக்கும் முறை. இரண்டையும் ஒன்றாக எண்ணுவது விளையாட்டு எழுத்தாளர்களிடம்கூடக் காணப்படும் மயக்கம்.

இரண்டும் கேப்பர்னிக்கிடத்தில் கூடின. 2007இல் முதல்நிலைக் குவார்ட்டர்பேக் காயமுற்றதால் களம் இறங்கியவர் அவர். 2009இல் நெவாடா அணியில் அவரும் வை டவுவாவும் லூக் லிப்பின்காட்டும் என மூவர் ஒரே பருவத்தில் தலா 1,000 கஜத்துக்கு மேல் ஓடினார்கள். கல்லூரிக் கால்பந்தின் உயர்பிரிவில் அதற்கு முன் நிகழாதது. 2010 நவம்பர் 26 அன்று ரீனோவில், தொடர்ந்து 24 ஆட்டங்களை வென்றுவந்த பாய்சி ஸ்டேட் அணியை, இடைவேளையில் 24–7 என்று பின்தங்கியிருந்தும், கூடுதல் நேரத்தில் 34–31 என்று நெவாடா வென்றது. கல்லூரி வாழ்வு முடிந்தபோது எறிதலில் 10,000 கஜமும் ஓட்டத்தில் 4,000 கஜமும் கடந்த ஒரே ஆட்டக்காரராக அவர் இருந்தார்.

என் துறை சார்ந்த ஒரு சிறு விலகல். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. 'அவன் பந்தைத் தோழனிடம் கொடுக்க' என்பது வரை கேட்டவருக்கு அடுத்து வருவது 'முனைந்தான்' என்பதா, 'மறுத்தான்' என்பதா, 'மறந்தான்' என்பதா என்று தெரியாது. பெயர்களும் வேற்றுமைகளும் முழுமையாக வந்துவிட்டன. பொருள் மட்டும் நிற்கிறது. குவார்ட்டர்பேக் ரன்னிங் பேக்கின் வயிற்றருகே பந்தை நீட்டியிருக்கும் அந்த அரை நொடி, இத்தகைய எச்சம். ஆங்கிலம் போன்ற மொழியில் வினை முன்னரே வெளிப்படுவதுபோல, பழைய டி அமைப்பில் முடிவு பந்து நகரும் முன்பே எடுக்கப்பட்டிருக்கும்; அதை மறைக்க நடிப்பு தேவைப்பட்டது. ரீட் முறையில் நடிப்பே தேவையில்லை. ஏனெனில் முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. சொல்பவருக்கே வினைமுற்று தெரியாது. கேட்பவர் அசைந்த பின்தான் அது உச்சரிக்கப்படும். ஷாட்கனில் முன்னரே கசியும் குறிப்பைப் பிஸ்டல் அகற்றுகிறது. ஒப்புமையை இதற்கு மேல் இழுக்க நான் விரும்பவில்லை.

தடுப்பணிகள் சும்மா இருந்துவிடவில்லை. ஓரத் தடுப்பாளர் வேண்டுமென்றே உள்ளே பாய்வார். குவார்ட்டர்பேக் அதை நம்பிப் பந்தோடு வெளியே ஓடுவார். அங்கே லைன்பேக்கர் ஒருவர் சுற்றிவந்து காத்திருப்பார். இரு தடுப்பாளர்கள் பொறுப்பை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவே. இதற்கு மறுமொழியாகத் தாக்கும் அணி, சுற்றிவரும் அந்த லைன்பேக்கரை மறிக்கத் தனியாக ஒருவரை அனுப்பியது. ஒரேகான் ஓரத் தடுப்பாளரை விட்டு, உட்புறத்தில் நிற்கும் பருத்த தடுப்பாளரையே மறிக்காமல் விட்டுப் பார்த்தது. அத்தகையவர்க்கு இருமுனைச் சிந்தனைப் பயிற்சி குறைவு. பிறகு எறிதலும் அதே கணத்தில் சேர்ந்தது: கொடு, ஓடு, எறி என்ற மூன்றும் ஒரே அசைவில். கல்லூரி விதிகள் லைன்மேன்கள் மூன்று கஜம் வரை முன்னேறியிருக்கப் பந்தை எறிய இடமளிப்பதும், தொழில்முறை விதி ஒரு கஜமே அனுமதிப்பதும், இது கல்லூரிகளில் முதலில் செழித்ததற்குக் காரணங்களுள் ஒன்று.

தொடக்கத்தில் குறித்த பிரிவினைக்கு இப்போது வருகிறேன். குவார்ட்டர்பேக் சிந்திப்பவர், மற்றவர்கள் ஓடுபவர்கள் என்று டி அமைப்பு பிரித்தபின், அமெரிக்க இனப்பாகுபாடு அந்தப் பிரிவின் மேல் தன் கோட்டை வரைந்தது. கல்லூரிகளில் குவார்ட்டர்பேக்காக ஆடிய கறுப்பின இளைஞர்கள் தொழில்முறை அணிகளுக்கு வந்ததும் ரிசீவர்களாகவோ தடுப்பாளர்களாகவோ மாற்றப்பட்டார்கள். 1968இல் டென்வர் அணியில் மார்லின் பிரிஸ்கோ குவார்ட்டர்பேக்காக நன்றாகவே ஆடினார். அடுத்த ஆண்டு பஃபலோவில் ரிசீவராக ஆடிக்கொண்டிருந்தார். வாரன் மூன் 1978இல் எந்த அணியாலும் தேர்ந்தெடுக்கப்படாமல் கனடாவுக்குப் போக நேர்ந்தது. நெப்ராஸ்காவுக்கு 1994, 1995 என இருமுறை தேசியப் பட்டம் பெற்றுத் தந்த டாமி ஃப்ரேஸியரையும் தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுக்கவில்லை. அவரது உடல்நலச் சிக்கலும் அதற்கு ஒரு காரணமாயிற்று.

ஸ்ப்ரெட் ஓட்டமுறை இந்தச் சுவரில் கல்லூரி மட்டத்தில் பெரிய திறப்பை உண்டாக்கியது. ஓடவும் எறியவும் வல்லவரே அதற்குத் தேவை. அத்தகையோரை வேறிடத்துக்கு மாற்ற முடியாது. ஆயினும் சொற்கள் மாறவில்லை. விளையாட்டு வருணனைகளை ஆராய்ந்தவர்கள் மீண்டும் மீண்டும் சுட்டியது இது: வெள்ளையின ஆட்டக்காரரைப் பற்றிப் பேசும்போது அறிவும் உழைப்பும், கறுப்பின ஆட்டக்காரரைப் பற்றிப் பேசும்போது உடலும் இயல்பூக்கமும் முன்னிற்கின்றன. இதில் எனக்கு வியப்பளிப்பது அந்த ஆட்டமுறையின் பெயர்தான். அதை 'ரீட்' என்கிறார்கள், வாசிப்பு. ஒரு நொடிக்குள் எதிராளியின் தோளையும் இடுப்பையும் வாசித்து முடிவெடுக்கும் செயல். எறிபவர் தடுப்பணியை வாசித்தால் அது அறிவுக்கூர்மை. ஓடுபவர் வாசித்தால் அது கால்களின் வரம். ஒரே வினைச்சொல், ஆளுக்கேற்ப வேறு வேறு பொருள். சமூக மொழியியலாளர் யாரேனும் இந்தத் தரவுக்குள் இறங்கினால் நல்லதொரு ஆய்வேடு கிடைக்கும்.

உடலின் விலையும் உண்டு. குவார்ட்டர்பேக்கை ஓடவிடுவதென்றால் அவரை அடிவாங்கவிடுவதும்தான். இம்முறை பெரும் வருவாய் ஈட்டிய ஆண்டுகளில் அந்த அடிகளை வாங்கியவர்கள் உதவித்தொகைக்கு மேல் எதுவும் பெற விதி இடந்தரவில்லை. தம் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் ஈட்டும் உரிமை அவர்களுக்கு 2021இல்தான் கிடைத்தது.

2013 ஜனவரி 12 அன்று சான் பிரான்சிஸ்கோ அணிக்காக கேப்பர்னிக் கிரீன் பே அணிக்கெதிராக 181 கஜம் ஓடினார். தொழில்முறை ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் ஒருவரின் புதிய சாதனை. அவ்வணியின் தாக்குதல் பொறுப்பாளராக அன்றிருந்த கிரெக் ரோமன், பின்னர் பால்டிமோர் ரேவன்ஸுக்குப் போய் அதே பிஸ்டலை லாமார் ஜாக்சனுக்காக விரித்தமைத்தார். ஜாக்சன் 2016இல் கல்லூரிக் கால்பந்தின் உயரிய ஹைஸ்மன் விருதைப் பெற்றவர். அப்படியிருந்தும் 2018 தேர்வுக்கு முன், அவர் ரிசீவராக மாறுவதே நல்லது என்று அனுபவமிக்க அணி நிர்வாகி ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். முதற்சுற்றின் கடைசி ஆளாக, 32ஆவது இடத்தில்தான் அவர் தேர்வானார். 2019இல் 1,206 கஜம் ஓடி, வாக்களித்த அனைவரது வாக்கையும் பெற்று அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரரானார். அப்பருவத்தில் ரேவன்ஸ் அணி ஓடிய 3,296 கஜம் தொழில்முறைக் கால்பந்தின் சாதனை.

2024இல் பிஸ்டலை மிகுதியாகக் கையாண்ட அணிகளுள் ஒன்று அட்லாண்டா. அதன் குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸ், முந்தைய ஆண்டு குதிகால் தசைநார் அறுந்து மீண்டுவந்தவர், ஓடுபவரே அல்லர்.